ஏலம் கேட்டவர்கள் பணத்தையும் கட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் பொருள் வாங்கி ஏமாந்தவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. பணம் வந்ததும் செல்பேசியை அணைத்துவிடும் விற்பனையாளர்கள், பொருளுக்குப் பதில் செங்கல் வந்த பார்சல்கள் என்று படிக்கும்போது எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால், ஏலத்தில் விற்றவருக்குப் பணம் வராமல் இழுத்தடிக்கப்படுவதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் புதுக்கோட்டைக்காரி. என் கணவர் தபால் துறையில் வேலை பார்த்தவர். தபால்தலை, முதல் நாள் உறை (புதுத் தபால்தலை வெளியாகும் நாளிலேயே அதை ஒட்டி முத்திரை குத்திய உறை), பழைய நாணயம் என்று ஆயுள் முழுக்கச் சேர்த்தார். அவர் போன பிறகு, ஒன்றுக்கு மேல் இருந்தவற்றை வாட்ஸ்அப் ஏலக் குழுக்களில் விற்கத் தொடங்கினேன். இப்போது அந்தப் பணத்தில் மற்றவர்களின் சேகரிப்புகளையும் வாங்கி, தரம் பிரித்து, ஏலத்துக்கு விடுகிறேன். குடும்ப ஓய்வூதியத்தோடு இந்த வருமானமும் சேர்ந்தால்தான் வீடு நடக்கும்.

என் கணவரும் அவருடைய நண்பர்களும் முன்பு ஈபே இந்தியா தளத்தில் வாங்கி விற்றார்கள். அங்கே 'பைசாபே' என்றொரு ஏற்பாடு இருந்தது. வாங்கியவர் கட்டிய பணம் தளத்திடம் நிற்கும், பொருள் போய்ச் சேர்ந்த பிறகு விற்றவருக்கு வரும். 2018 ஆகஸ்டில் அந்தத் தளம் மூடப்பட்டது. அதன்பின் அவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களுக்கு வந்தார்கள். நடுவில் நின்று பணத்தைப் பிடித்து வைக்க இங்கே ஆள் இல்லை. வாய்ச்சொல்தான் எல்லாம்.

மாலை ஏழு மணிக்குப் படம் போடுவோம். முன்பக்கம், பின்பக்கம், எடை, தேய்மானமோ கிழிசலோ இருந்தால் அது, அடிப்படை விலை, எவ்வளவு ஏற்றிக் கேட்க வேண்டும், எத்தனை மணிக்கு முடியும் என்று எல்லாம் எழுதிவிடுவோம். ஒன்பதரைக்கு முடிவு. கடைசி நேரத்தில் யாராவது ஏற்றிக் கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். பிறகு அட்மின் 'க்ளோஸ்டு' என்று போட்டு, யாருக்கு எது, எவ்வளவு என்று பட்டியல் தருவார். 48 மணி நேரத்துக்குள் பணம் கட்ட வேண்டும் என்பது நான் இருக்கும் குழுக்களின் விதி.

விதி இருக்கிறது, கடைப்பிடிப்பவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். "அக்கா, சம்பளம் வந்ததும் போட்டுடுறேன்." "ஜிபே வேலை செய்யலக்கா, நாளைக்குக் கண்டிப்பா." அதற்கப்புறம் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. ஒருவருக்கு உண்மையிலேயே பண நெருக்கடி என்றால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எனக்குப் பதில் சொல்லாத அதே ஆள், அன்றிரவே வேறொரு குழுவில் ஆயிரம், ஆயிரத்து நூறு என்று ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது.

இன்னொரு வழக்கமும் வந்திருக்கிறது. "இதைத் தனியா எடுத்து வைங்க, அடுத்த ஏலத்துல எடுக்கிறதோட சேர்த்து ஒரே பார்சலா அனுப்புங்க" என்பார்கள். பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்த பிறகு ஒவ்வொரு சின்ன உறைக்கும் அனுப்பும் செலவு கூடிவிட்டது. ஆகவே சேர்த்து அனுப்பச் சொல்வதில் நியாயம் உண்டு, நானும் ஒத்துக்கொள்கிறேன். பொருள் காத்திருக்கட்டும், பணம் ஏன் காத்திருக்க வேண்டும்? ஒவ்வொருவர் பெயரிலும் என் அலமாரியில் ஓர் உறை இருக்கிறது. வாரக்கணக்கில் பருத்துக்கொண்டே போன சில உறைகளுக்கு உரியவர்கள் ஒருநாள் குழுவிலிருந்தே வெளியேறிவிட்டார்கள்.

கடந்த நவராத்திரி சமயத்தில் எங்கள் ஊர் அம்மன் காசு ஒரு லாட், அதாவது மொத்தமாக ஒரே விலைக்கு விடும் தொகுப்பு, போட்டேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது தொண்டைமான் மன்னர்கள் அடித்த சின்னச் செப்புக்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுத்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பெரும்பாலும் தேய்ந்துதான் கிடைக்கும். அம்மன் உருவமும் எழுத்தும் தெளிவாக உள்ளவற்றை மட்டும் பொறுக்கி ஐம்பது காசு வைத்திருந்தேன். நல்ல போட்டி. 2,600 ரூபாயில் முடிந்தது. அதற்கு முன் 2,500 கேட்டவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஆசிரியர், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகக் கேட்டார்.

எடுத்தவர் இதோ அதோ என்று மூன்று வாரம் ஓட்டிவிட்டு, "எனக்கு இப்ப வேண்டாம்" என்றார். ஆசிரியரைக் கூப்பிட்டேன். பாவம், அவர் அதற்குள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். மறுபடி ஏலத்துக்குப் போட்டேன். "இது போன தடவை வந்த லாட்தானே, என்ன குறை?" என்று ஒருவர் குழுவிலேயே கேட்டார். 1,700க்குத்தான் போனது. அந்த 900 ரூபாயைக்கூட விட்டுவிடலாம். தனிச்செய்தியில் ஒருவர், "போன தடவை உங்க ஆளே கேட்டு மாட்டிக்கிட்டாரா அக்கா?" என்று கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் அப்படிச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. விலையை ஏற்றிவிடத் தன் ஆளை வைத்துக் கேட்க வைக்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஆள் தவறிப்போய் மேல் விலையில் நின்றுவிட்டால், 'வாங்கியவர் பணம் கட்டவில்லை' என்று சொல்லிப் பொருளைத் திரும்பப் போடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தத் திருட்டும் எனக்கு நேர்ந்ததும் ஒன்றுபோலத்தான் தெரியும். பணம் கட்டாமல் போகும் ஒவ்வொருவரும் நேர்மையான விற்பனையாளரின் பெயரைக் கெடுத்துவிட்டுப் போகிறார்கள். வாங்குபவர்களுக்கும் இதில் நஷ்டம்தான். கட்டப்படாத அந்த 2,600, 'அம்மன் காசு இந்த விலைக்குப் போனது' என்று ஊரெல்லாம் சுற்றி, அடுத்து வாங்க வருகிறவரின் தலையில் விழும்.

அந்த வாரம் வர வேண்டிய பணத்தை நம்பி, ஒரு பெரியவரின் சேகரிப்பை வாங்க நாள் சொல்லியிருந்தேன். மருந்துச் செலவுக்காக விற்கிறார். அவரிடம் "எனக்கு இன்னும் வரவில்லை ஐயா" என்று சொல்ல வாய் வரவில்லை. வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன்.

என் அண்ணன் மகன் வழக்கறிஞர். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தை எடுத்துப் படித்துக் காட்டினான். அதன் 64ஆம் பிரிவு ஏலத்துக்கானது. சுத்தியல் தட்டியோ, வழக்கத்தில் உள்ள வேறு முறையிலோ ஏலம் முடிந்ததாக அறிவித்தால் விற்பனை முடிந்தது. அதுவரை கேட்டவர் பின்வாங்கலாம், அதற்குப் பிறகு முடியாது. எங்கள் அட்மின் போடும் 'க்ளோஸ்டு'தான் எங்களுக்குச் சுத்தியல். பணம் கிடைக்காத விற்பனையாளர், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து நியாயமான காலம் காத்திருந்துவிட்டுப் பொருளை மறுபடி விற்கலாம், குறைந்துபோன தொகையையும் முதலில் வாங்கியவரிடம் கேட்கலாம் என்கிறது 54ஆம் பிரிவு. அதே 64ஆம் பிரிவு, தானும் கேட்பேன் என்று முன்கூட்டிச் சொல்லாமல் விற்பவர் ஆள் வைத்துக் கேட்டால் அதை மோசடியாகக் கருதலாம் என்றும் சொல்கிறது. தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே இரண்டு பக்கத்தையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 900 ரூபாய்க்கு நான் எந்த நீதிமன்றப் படி ஏறுவது?

வாங்குபவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, இணைய வணிகத் தளத்தில் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். நல்ல விதி. ஆனால் வாங்கியவர் பணம் தரவில்லை என்று நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. விற்றவள் நுகர்வோர் ஆகமாட்டாள்.

உங்கள் நாளிதழிலேயே வங்கிகளின் மின் ஏல அறிவிப்புகள் வருகின்றன. அந்தப் பொடி எழுத்தை ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். முன்வைப்புத் தொகை கட்டினால்தான் ஏலத்தில் கலந்துகொள்ளவே முடியும். எடுத்தவர் அன்றே, இல்லையென்றால் அடுத்த வேலைநாளில், கால் பங்கு கட்ட வேண்டும். மீதிக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள். கட்டாவிட்டால் கட்டிய பணம் போய்விடும், சொத்து மறுபடி ஏலத்துக்கு வரும். கோடிகளில் புரளும் வங்கிக்கு இவ்வளவு காவல் தேவைப்படுகிறது என்றால், வளையலை அடகு வைக்கிறவளுக்கு ஒன்றும் வேண்டாமா?

எங்கள் பக்கக் குற்றங்களையும் சொல்லியாக வேண்டும். '1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்று பொறித்த ராமர் பட்டாபிஷேகக் காசை இன்னமும் விற்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு நாணயம் அடித்ததே கிடையாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயத்தை 'புதுசு போல' என்று போடுகிறார்கள். எதிர்பார்த்த விலை வராவிட்டால் "பொருள் கைதவறிப் போச்சு" என்று பின்வாங்குகிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் அனுப்பாமல் இருக்கிறார்கள். பணத்துக்கு 48 மணி நேரம் என்றால், பணம் வந்த மூன்றாம் நாளுக்குள் தபாலில் சேர்த்து ரசீது எண்ணைக் குழுவில் போடுவதும் விதியாக வேண்டும். தவறும் விற்பனையாளருக்கும் அதே தண்டனை.

குழு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது செய்ய முடியாத காரியம் இல்லை. புதிதாக வருகிறவரிடம் ஐந்நூறு ரூபாயாவது முன்பணம் வாங்குங்கள். அது அவருடைய முதல் வாங்கலிலேயே கழிந்துவிடும். சேர்த்து வைக்கச் சொன்னால் பணம் முதலில் வரட்டும். தவணை கேட்பவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். என்னிடம் ஒரு கல்லூரி மாணவர் மாதம் இருநூறாகக் கட்டி முடித்தார், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கெடு தாண்டினால் இரண்டாவதாகக் கேட்டவருக்கு, அவர் கேட்ட விலைக்கே கொடுங்கள். மற்றவர் கேட்ட மேல் விலையை அவர் மேல் ஏற்றுவது அநியாயம்.

இரண்டு, மூன்று முறை ஏமாற்றியவரின் பெயரை அட்மின்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஊரறியப் போட வேண்டாம். ஒரு குழுவில் ஒருவரின் படத்தையும் எண்ணையும் போட்டுத் 'திருடன்' என்று எழுதினார்கள். அந்த எண் வீட்டில் எல்லோரும் பயன்படுத்துவது. அவருடைய மகள் எடுத்து எடுத்துத் திட்டு வாங்கினாள். அவர் தர வேண்டியிருந்தது 350 ரூபாய். அதற்குப் பிறகு நான் அந்தக் குழுவில் எதையும் விற்பதில்லை.

உங்கள் வணிகப் பக்கத்தில் இதைப் பற்றி விரிவாக எழுதுங்கள். புடவை, செடி, பழைய பாத்திரம் என்று குழுக்களில் ஏலம் விடும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களையும் கேட்டு எழுதுங்கள்.

ஏலம் கேட்கும் வாசகர்களிடம் ஒன்றே ஒன்று. கேட்ட விலையைக் கட்ட முடியாது என்று தெரிந்தால் அன்றிரவே சொல்லிவிடுங்கள். நான் கோபப்பட மாட்டேன். இரண்டாவதாகக் கேட்டவரும் அப்போது விழித்துத்தான் இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுக்கோட்டை.
(பெயரை வெளியிட வேண்டாம்.)