மாமாவுக்கு, அந்த 22 தீக்குச்சிகள் பற்றி

அன்புள்ள மாமா,

வணக்கம். முட்டிவலி குறைந்ததா? இந்தக் கடிதம் ஒரு மன்னிப்புக்காக.

45 ஆண்டுகளுக்கு முன், பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் காப்பிக் கடையில் உங்களைப் ‘புளுகு மூட்டை’ என்று சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். நீங்கள் கோபப்படவில்லை. தீப்பெட்டியைப் பளிங்கு மேசையில் கொட்டி, 22 குச்சிகளை எண்ணி அடுக்கினீர்கள். “இத்தனை ஜெட்டும் ஒன்றாக வட்டமடித்துத் தலைகீழாகப் போய்த் திரும்பின. ஒன்றையொன்று உரசவில்லை” என்றீர்கள். பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். நானோ, அங்கே பறந்த மிராஜ் போர் விமானங்களை அண்ணாந்து பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்ட பத்து வயது மேதாவி. எப்படி நம்புவேன்?

உண்மைதான், மாமா. 1958 செப்டம்பரில், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில் நடந்தது. பிரிட்டிஷ் விமானப் படையின் 111ஆம் படைப்பிரிவுத் தலைவர் ரோஜர் டாப் முன்னால் போக, 22 ஹண்டர் போர் ஜெட்டுகள் ஒரே கூட்டமாக மேலேறித் தலைகீழாகி இறங்கி முழு வட்டம் அடித்தன. அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை. ‘கறுப்பு அம்புகள்’ என்று பெயரெடுத்த அந்தப் பிரிவிடம் அத்தனை விமானங்கள் கிடையாது. கல்யாண வீட்டுக்கு அண்டா இரவல் வாங்குவதைப்போல மற்றப் பிரிவுகளிடம் வாங்கினார்கள்.

டாப் லேசுப்பட்ட ஆள் இல்லை. எஞ்சினே இல்லாத கிளைடரில் 1945 மார்ச்சில் ரைன் ஆற்றைத் தாண்டிப் போர்முனையில் இறங்கியவர். 1955இல் எடின்பரோவிலிருந்து லண்டனுக்கு 28 நிமிடத்துக்குள் பறந்தார். நாம் பெர்ரிக்கு வரிசையில் நின்று அக்கரை சேர்வதற்குள் 500 கிலோமீட்டருக்கு மேல்!

ஆனால் எனக்கு அந்த வேகத்தைவிட வட்டம்தான் பெரிது. முன்னால் போகிறவர் எஞ்சினின் முழு விசையையும் போட்டுவிட்டால், பின்னால் வருகிறவர் எதைக் கொண்டு எட்டிப் பிடிப்பார்? அதனால் தலைவர் விசையில் கொஞ்சம் மிச்சம் வைத்தே பறக்க வேண்டும். மூக்கைத் தூக்குவதும் பூப்போல நடக்க வேண்டும். அவர் உச்சியில் தலைகீழாகக் கிடக்கும்போது கடைசி வரிசை இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். முன்னால் ஒரு சிறு உதறல் என்றாலும், கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்போது அது சாட்டை நுனியாகிவிடும். மற்ற 21 பேரும் தரையைப் பார்ப்பதில்லை, பக்கத்து விமானத்தையே பார்க்கிறார்கள். தரை எங்கே என்ற கவலை டாப் ஒருவருக்குத்தான். நீங்கள் அன்று முதல் குச்சியை மட்டும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசியது ஏன் என்று இப்போது புரிகிறது.

மெர்டேக்கா (சுதந்திர தின) அணிவகுப்பில் ஜெட்டுகள் பறக்கும்போது “வெறும் சர்க்கஸ்” என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானே சொன்னவன்தான், அது வேறு.

டாப் 2020இல் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்றே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். சோம்பல்.

வரும் ஞாயிறு புக்கிட் மெர்த்தாஜாம் வருகிறேன். வீட்டு மேசையில் நானும் அடுக்கிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரிசை வைத்தால் 21தான் ஆகிறது, ஒரு குச்சி மிஞ்சுகிறது. அதை எங்கே வைத்தீர்கள்? தீப்பெட்டியை நான் கொண்டுவருகிறேன். சிகரெட்டுக்கு இல்லை என்று அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மருமகன்,
ஜார்ஜ் டவுன்