‘தைரியசாலி’ என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆழிப்பேரலை நினைவு நாளையொட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரை, கடலோர மக்களை அவர்களுடைய மன உறுதியே மீட்டெடுத்தது என்று முடிந்திருந்தது. நான் நாகப்பட்டினத்தை ஒட்டிய மீனவ ஊரான அக்கரைப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். நீங்கள் எழுதியது எங்கள் வீட்டில் பாதிதான் நடந்தது. மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்பா விடியுமுன்னே தொழிலுக்குப் போய்விட்டார். ஆழத்தில் நிற்கும் படகுக்கு அந்த அலை தெரியாது. லேசாகத் தூக்கிவிட்டுக் கடந்துபோய்விடும். அப்பாவுக்கும் தெரியவில்லை. கரைக்குத் திரும்பும் வழியில் பாயும் பாத்திரமும் கதவும் மிதந்து வருவதைப் பார்த்துத்தான் அவருக்கு வயிறு கலங்கியிருக்கிறது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதில் என் தம்பியும் ஒருவன். அவனுக்கு எட்டு வயது.

“நான் கரையில இருந்திருந்தா தூக்கிட்டு ஓடியிருப்பேன்.” மாதக்கணக்கில் அப்பா பேசியது இது ஒன்றுதான். தற்காலிகக் குடியிருப்பில் கடலுக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருப்பார். காற்றில் கூரை படபடத்தால் எழுந்து ஓடுவார். ராத்திரியில் தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்துவார். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்து, அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-இல், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த நிலையைத் தனி நோயாகவே தங்கள் மனநோய்ப் பட்டியல் நூலில் சேர்த்தார்களாம். எங்கள் தெருவில் ‘பயந்த கோளாறு’ என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சிலர் சாராயம் வாங்கிக் கொடுத்தார்கள். வந்தவர் போனவர் எல்லோரும் “ஆம்பள, தைரியமா இருக்க வேணாமா” என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அப்பா இன்னும் சுருங்கிப்போவார்.

பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல நிறுவனத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் அப்போது ஊர் ஊராக வந்தார்கள். எங்களிடம் வந்த அக்கா, என்ன நடந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நாலைந்து முறை சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். ஒருநாள், “அண்ணனுக்கு எந்த வேலை நல்லா கைவரும்?” என்று கேட்டார். அப்பா வாய் திறக்கவில்லை. அம்மாதான், “வலை கட்டுறதுல இந்த ஊர்ல இவருக்கு ஈடு ஆளில்ல” என்றாள்.

மறுநாள் ஒரு கிழிந்த வலையும் வலை ஊசியும் வந்தன. கை தானாக வேலை செய்ததை நான் பார்த்தேன். ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேருக்குக் வலைக்கண்ணின் அளவு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். பிறகு வலைக்கூடத்தில் உட்கார்ந்து கட்டினார். பிறகு மணலில். ஒவ்வொரு மாதமும் கடலுக்குக் கொஞ்சம் கிட்டே. பயந்த இடத்தைப் படிப்படியாக நெருங்கவைப்பதும் ஒரு சிகிச்சைமுறை என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அப்பா அதைத் தன் கைத்தொழிலைப் பிடித்துக்கொண்டு செய்தார். கூடவே மனநல மருத்துவரிடம் போனார், மாத்திரையும் சாப்பிட்டார். இதை நான் மறைக்க மாட்டேன். வலை மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி படகேறினார்.

இனி அம்மா.

அம்மா அழவில்லை. பிணம் தின்ற மீன் என்று சொல்லி ஊரெல்லாம் மீன் வாங்கப் பயந்த அந்த மாதங்களிலும் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். கடனை அடைத்தாள், என்னைப் படிக்கவைத்தாள். “பொம்பளைன்னா இப்படி இருக்கணும்” என்று எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். அந்த ஊழியர் அக்காகூட அப்பாவைப் பற்றித்தான் விசாரித்தார். ஏழு வருஷம் கழித்து, பள்ளிச் சீருடையில் ஒரு பையன் பேருந்தில் ஏறுவதைப் பார்த்து அம்மா நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் நாலு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அத்தனை வருஷமும் அவளுக்குத் தூக்கமே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பாவின் திறமையை ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார். அது அவருக்கு மருந்தாயிற்று. அம்மாவின் திறமையை நாங்கள் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டோம். நானும்தான். அவள் உறுதியாக இருந்தது எங்களுக்கு வசதியாக இருந்தது. அதனால்தான் ‘மன உறுதியே மீட்டது’ என்று அச்சில் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது.

அம்மாவும் பிறகு சிகிச்சை எடுத்தாள். இப்போது பரவாயில்லை. மார்கழி பிறந்தால் இரண்டு பேருக்குமே தூக்கம் குறைந்துவிடும். அந்த நாட்களில் நான் ஊருக்குப் போய்விடுவேன்.

ஒரு வேண்டுகோள். வெள்ளம், புயல், விபத்து பற்றி எழுதும்போதெல்லாம் 14416 என்ற எண்ணை, அதாவது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டாயம் அச்சிடுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் தமிழிலேயே பேசலாம். ஒரு மாதம் கடந்தும் அதே காட்சி கண்ணுக்குள் வந்து நின்றால், தூக்கம் போனால், அந்த இடத்துப் பக்கமே போக முடியாமல் தவித்தால், வைத்தியம் பார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள். உங்கள் நிருபர்கள் அடுத்த முறை எங்கள் பக்கம் வரும்போது, கூடை தூக்கும் பெண்களிடம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் ராத்திரி தூங்குகிறீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்.