அது துருத்தி அல்ல, கவலையின் வால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பரணில் கிடைத்த தோல் பொருள் ஒன்றின் படத்தை அனுப்பி, ‘இது என்ன?’ என்று கிருஷ்ணகிரி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உலைக்குக் காற்று ஊதும் கொல்லன் துருத்தி என்று ஒருவரும், அம்பு வைக்கும் அம்பறாத்தூணி என்று இன்னொருவரும் இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் இல்லை. அது, மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றத்தின் தோல் வால். கவலையைக் கபிலை, கமலை என்றும் சொல்வார்கள்.

துருத்தி என்று நினைத்ததில் தப்பில்லை. மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுப் பழமையான இரும்பு கிடைத்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தோலைப் பார்த்ததும் உலைக்களம் ஞாபகத்துக்கு வரத்தான் செய்யும். ஆனால் துருத்தி காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். படத்தில் இருப்பதோ இரண்டு பக்கமும் திறந்த குழல். அகன்ற வாயைச் சுற்றி வரிசையாகத் துளைகள். குறுகிய வாயில் கயிறு அறுத்த தடம். அந்தத் தடத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு 74 வயது. சிறுவயதில் எங்கள் கிணற்றில் கவலை ஓட்டியிருக்கிறேன். தண்ணீர் அள்ளும் பெரிய பாத்திரமான இரும்புச் சாலின் அடியில் பெரிய ஓட்டை இருக்கும். அதில் இந்த வாலின் அகன்ற வாயைச் சேர்த்துக் கட்டுவோம். சால் மேலே வரத் தடித்த வடம், அது மேல் உருளையில் ஓடும். வாலின் நுனிக்கு மெல்லிய வால்கயிறு, அது கீழே வேறொரு உருளையில் ஓடும். சால் ஏறும்போது வால் மடங்கி மேல்நோக்கி நிற்கும், ஒரு சொட்டு சிந்தாது. மாடுகள் சரிவில் கடைசிவரை இறங்கும்போது சால் உருளைக்கு ஏறிவிடும். வால் மட்டும் வால்கயிற்றின் இழுப்பில் வாய்க்கால் பக்கம் நீண்டு, தண்ணீரைக் கொட்டிவிடும். மாடு இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வோம். எங்கள் எடையும் மாட்டுக்கு ஒத்தாசை என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது சவாரி, அவ்வளவுதான்.

தோல் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் அவ்வப்போது விளக்கெண்ணெய் தடவ வேண்டும். கிழிந்தால் தைத்துக்கொடுக்க ஒரு பெரியவர் வருவார். அறுப்புக் காலத்தில் அவருக்குக் களத்திலிருந்து ராகி அளந்து கொடுப்பார்கள். அவர் தைத்த தோல் வழியாக வந்த தண்ணீரை ஊரே குடித்தது; அவர் மட்டும் அந்தக் கிணற்றுப் படியில் இறங்கக் கூடாது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. இந்தப் படத்தைப் பார்த்த பிறகு, இரண்டு நாளாக அவர் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. 1970 வாக்கில் கரண்டு மோட்டார் வந்தது, கவலை நின்றது, அவர் வருவதும் நின்றுபோனது.

படம் அனுப்பியவருக்கு ஒரு வேண்டுகோள். மடிந்திருக்கும் தோலை நிமிர்த்திப் பார்க்காதீர்கள், ஒடிந்துவிடும். பாலிஷ் போடுவதும் வெயிலில் வைப்பதும் வேண்டாம். உள்ளே பழைய பருத்தித் துணியை லேசாகச் சுருட்டி வைத்தால் வடிவம் கெடாது. பழைய சாமான் வாங்குபவர்கள் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டாம். அருங்காட்சியகத்துக்கு என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

அப்புறம், வீட்டுக் கொல்லையிலோ கிணற்றடியிலோ துருப்பிடித்த இரும்புச் சால் ஏதாவது கவிழ்ந்து கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். செடி வைத்தும் இருக்கலாம். அடியில் ஓட்டை இருந்தால், இந்த வாலின் அகன்ற வாயை அதோடு அளந்து பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்