கையேடுகள் சொல்லாத கை வழக்குகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டுச் செவிலியர் பணிக்காக ஆங்கிலத் தேர்வு எழுதும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் ஏராளம். அவர்களுக்கென நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் விற்கும் கையேடுகள் சிலவற்றைப் பார்த்தேன். கை தொடர்பான மரபுத்தொடர்களுக்கு ஒற்றை வரியில் பொருள் தந்துவிட்டு, அவற்றை எந்த இடத்தில் சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு நூலில் ‘ஹேண்ட்ஸ் ஃபுல்’, ‘ஹேண்ட்ஸ் டைடு’ (கைகள் கட்டப்பட்டிருத்தல்) இரண்டுக்கும் ‘இப்போது இயலாது’ என்றே போட்டிருக்கிறது. முன்னது நாம் சொல்லும் ‘கை ஒழியவில்லை’. பின்னதோ, விதியோ மேலிடமோ தடுப்பதால் செய்ய அதிகாரமில்லை என்பது. ஒருவருக்குக் காயம் கட்டிக்கொண்டிருக்கும் செவிலியர், வலி மாத்திரை கேட்கும் அடுத்த படுக்கைக்காரரிடம் பின்னதைச் சொல்லிவிட்டால், தனக்கு மாத்திரை தர அனுமதியே இல்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

‘ஹேண்ட் இன் குளோவ்’ என்பதற்கு ‘நெருங்கிய நட்பு’ என்ற விளக்கம் அரைகுறையானது. கடத்தல்காரருடன் அதிகாரி கூட்டுச் சேர்ந்தார் என்பது போன்ற செய்திகளிலேயே அது இன்று பெரும்பாலும் வருவதால், நன்றியுரையில் அதைச் சொல்வது வம்பு. ‘ஹேண்ட்ஸ் டவுன்’ தோல்வி போல ஒலித்தாலும் எளிதான வெற்றியையே குறிக்கும்; வெகுவாக முந்திவிட்ட குதிரைப் பந்தய வீரர் கடிவாளத்தைத் தளர்த்திக் கைகளைத் தாழ்த்துவதிலிருந்து வந்தது அது.

மிகுதியாகத் தடுமாற வைப்பது, வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருத்தல். மத்தேயு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் தருமத்தை மறைவாகச் செய்வதற்காகச் சொல்லப்பட்ட இது, மாதாகோவில் பிரசங்கம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பாராட்டாகவே படும். இன்றைய ஆங்கிலப் பேச்சில் அதுவே, ஓர் அலுவலகத்தின் ஒரு பிரிவு செய்வது மற்றொரு பிரிவுக்குத் தெரியாத குளறுபடியைக் குறிக்கிறது. (புதிதாகப் போட்ட சாலையை மறுவாரமே இன்னொரு துறை குழாய்க்காகத் தோண்டும் ஊரில் இதற்கு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.) கொடையாளர் ஒருவரை மேடையில் இத்தொடரால் புகழ்ந்தால், ஆங்கிலேயர் காதில் அது கேலியாக விழக்கூடும்.

ஆகவே, தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் இத்தகைய தொடர்களை வெறும் பொருளோடு நிறுத்தாமல், பேசுபவர் இன்னார், கேட்பவர் இன்னார் என்று தெரியும்படி இரண்டு வரி உரையாடலோடு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.