மெயின்பிரேம் தரவையும் செய்முறை வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு, வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் பெருங்கணினியான மெயின்பிரேமில் வேலை செய்வது எட்டாக்கனி அல்ல. சோவி என்ற திறந்தமூலக் கருவி இலவசம். நோட்.ஜேஎஸ் என்ற மென்பொருள் உள்ள மடிக்கணினியில் அதை நிறுவினால், டேட்டா செட் எனப்படும் மெயின்பிரேம் கோப்பைக் கட்டளை வரியிலேயே இறக்கலாம், ஏற்றலாம், மெயின்பிரேமுக்கு வேலை சொல்லும் ஜேசிஎல் ஆணைகளும் அனுப்பலாம். பழகிப் பார்க்க ஐபிஎம்மின் இசட் எக்ஸ்ப்ளோர் தளம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. விரிவுரையாளர்கள் இவற்றைச் செய்முறை வகுப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

சேர்க்கும்போது இறக்கும் முறையை அழுத்திச் சொல்லிக்கொடுங்கள். பலரும் சறுக்குவது அங்கேதான். தெரிவு எதுவும் கொடுக்காவிட்டால் கருவி எல்லாவற்றையும் எழுத்தென்று எண்ணி, மெயின்பிரேமின் எழுத்துக் குறியீட்டு முறையான எப்சிடிக்கிலிருந்து நம் கணினியின் முறைக்கு மாற்றிவிடும். கோபோல் மொழியில் எழுதிய நிரலுக்கு அது சரி. ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடைக்கும் காம்ப்-3 தொகைகள் உள்ள கோப்புக்கோ பெரும் நாசம். +12345 என்ற தொகை, பதினாறடி எண்முறையில் 12 34 5சி என்று மூன்று பைட்டில் இருக்கும்; கடைசி சி கூட்டல் குறி. கடைசி 5சி எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி என்பதால், அது நம் கணினியில் அதே குறிக்குரிய 2ஏ ஆகிவிடும். தொகையே மாறிவிடும். பிழைச் செய்தியும் வராது என்பதுதான் கொடுமை.

ஆகவே எதையும் மாற்றாத பைனரி தெரிவோடு இறக்கி, பதிவு நீளப்படி துண்டாக்கி, எழுத்துப் புலங்களை மட்டும் பைதனில் மாற்ற வேண்டும். பைதனோடு வரும் சிபி037 என்ற எப்சிடிக் வகை பெரும்பாலும் போதும். மூலக்கோப்பு 1047 என்ற வேறு எப்சிடிக் வகை என்றால் சதுர அடைப்புகள் பிசகும். பதிவு நீளம் மாறும் விபி கோப்புக்கு ரெக்கார்ட் தெரிவுதான் வேண்டும். அது ஒவ்வொரு பதிவின் முன்னும் 4 பைட்டில் நீளத்தைத் தரும். விசாம் என்ற தனி அமைப்பிலுள்ள கோப்பை முதலில் ரெப்ரோ என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் தொடர்வரிசைக் கோப்பாக்கிவிட்டே இறக்க வேண்டும்.

வாசகர்கள் சிலர்,
வவுனியா