முக்காலிக்கு நாற்காலிக் கணக்கு போடாதே

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. உன் மூன்று சக்கர போலாரிஸ் ஸ்லிங்ஷாட்டுக்குப் புது காயில்ஓவர் செட், அதாவது ஸ்பிரிங் சுற்றிய ஷாக் செட், வந்து இறங்கிவிட்டது, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, கூடவே தடித்த ஆன்டி ரோல் பார் (இரு முன் சக்கரங்களையும் இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) என்று எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் கடைசிப் பத்தியில், "எடை மேடையில் ஏற்றி மூலைக்கு மூலை எடையைச் சமன் செய்யப் போகிறேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இத்தனை நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

காரில் அந்த வேலைக்கு அர்த்தம் உண்டு. நான்கு கால் உள்ள பொருள் நாற்காலி மாதிரி. ஒரு காலுக்கு அட்டை வைத்தால் எதிர்மூலைக் காலிலும் பாரம் ஏறும், மற்ற இரண்டும் லேசாகும். மூன்று கால் என்றால் முக்காலி. கரடுமுரடான தரையிலும் ஆடாது, ஏனென்றால் மூன்று காலின் பாரமும் பாரமையம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்தே முடிவாகிவிடுகிறது. இடது முன் ஷாக்கில் ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகு வளையமான காலரை எவ்வளவு திருகினாலும் அந்தச் சக்கரத்தின் எடை கிட்டத்தட்ட மாறாது, வண்டி சாயும், அவ்வளவுதான். தராசு எண்ணை மாற்றப் பார்த்து அரை நாள் திருகிக்கொண்டிருக்காதே. எடை மேடையை ஒரே ஒரு காரியத்துக்கு வைத்துக்கொள்: நீ உட்கார்ந்த நிலையில் ஒவ்வொரு சக்கரத்திலும் எவ்வளவு பாரம் என்று குறித்துக்கொள்ள. ஸ்பிரிங் கணக்குக்கு அது வேண்டும்.

அப்படியானால் இடது, வலது காலர்கள் எதற்கு? பின் சக்கரத்தை நிமிர்த்துவதற்கு. இது பலருக்கும் தோன்றாத சங்கதி. பின் சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒற்றை ஸ்விங் ஆர்ம். அது மேலும் கீழும் ஆடுமே தவிர, பக்கவாட்டில் சாய்வதற்கு அதற்கென்று தனி வழி கிடையாது. உடல் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு பின் சக்கரமும் சாயும். மோட்டார் சைக்கிளின் டயர் உருண்டையாக இருப்பதால் சாய்ந்தாலும் கவலையில்லை. உன் எஸ்எல் மாடலில் பின்னால் 255/35, 20 அங்குலம், அதாவது 255 மில்லிமீட்டர் அகலம். பலகை மாதிரித் தட்டையான கார் டயர். அரை டிகிரி சாய்ந்தாலே ஒரு ஓரத்தில் பாரம் கூடிவிடும்.

கணக்குப் பார். முன் சக்கரங்களுக்கு நடுவே சுமார் 1,750 மில்லிமீட்டர். நீ தனியாக உட்கார்ந்து இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 15 மில்லிமீட்டர் தாழ்ந்தால், பின் சக்கரம் அரை டிகிரி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைப் பின் ரிம்முக்குப் பக்கத்தில் தொங்கவிடு. மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 4 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரியும். உன் ஓட்டம் பெரும்பாலும் தனியாகத்தான் என்றால், உன் எடையுள்ள ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, தூக்குக்குண்டு நேராக நிற்கும்வரை முன் இடது காலரை ஏற்று. பக்கத்தில் எப்போதும் ஆள் உண்டென்றால் இருவரையும் வைத்து அள. தரை மட்டமாக இருக்க வேண்டும். கராஜ் தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்கும், அதை முதலில் மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிடு.

ஆன்டி ரோல் பாரைப் பற்றிக் கேட்டிருந்தாய், முன்பக்கம் கெட்டியானால் வளைவில் மூக்கு வெளியே தள்ளுமா என்று. காரில் தள்ளும். அங்கே முன் பாரும் பின் பாரும் பக்கவாட்டுப் பாரத்தைப் பங்கு போடுகின்றன, முன்னால் கெட்டியாக்கினால் முன் டயர்களின் பங்கு கூடுகிறது. இங்கே பங்கு போட ஆளே இல்லை. சாய்வைத் தாங்கும் வேலை முழுக்க முன் இரண்டு சக்கரத்துடையது, பார் மெல்லியதானாலும் தடித்ததானாலும் சரி. ஆகவே தடித்த பார் போட்டால் சாய்வு குறையும், பின் டயர் தட்டையாகப் பதியும், முன் வெளிச்சக்கரத்தின் கேம்பரும் (சக்கரம் நிமிர்ந்து நிற்கும் கோணம்) கெடாது. இழப்பு ஒன்று உண்டு: ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் குலுக்கல் முன்பைவிடக் கூடுதலாகத் தெரியும். எனக்கு அது சம்மதமே.

இனி மாட்டும் வேலை. முன்பக்கம் ஜாக்கியைச் சேஸிஸ் குழாயில் கொடு. அடித்தகட்டில் கொடுத்தால் நெளியும். இரு பக்கமும் ஸ்டாண்டு வைத்த பிறகு சக்கரங்களைக் கழற்று. முதலில் பாரின் முனைகளை இணைக்கும் சிறு தண்டுகளான லிங்குகளை இரு பக்கமும் விடுவித்துவிடு. ஒரு பக்கம் மட்டும் விட்டால் பார் எதிர்ப்பக்கத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், போல்ட் துளை நேராக வராது. பிறகு சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் அடியில் சின்ன ஜாக்கி ஒன்றைத் தாங்கலாக வை. ஷாக்கைக் கழற்றியதும் கை தொப்பென்று கீழே போகும். அந்த எடை பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் ஒயரிலும் தொங்கக் கூடாது.

புது ஷாக்கை நேரே மாட்டிவிடாதே. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் ஷாக்கை மட்டும் மாட்டி, ஜாக்கியால் கையை அடியிலிருந்து உச்சிவரை ஏற்றி இறக்கிப் பார். ஒவ்வொரு உயரத்திலும் ஸ்டியரிங்கை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பார். டயர் எங்கே உரசுகிறது, ஷாக்கின் தனிக் கலத்துக்குப் போகும் ரிசர்வாயர் ஹோஸ் எங்கே நசுங்குகிறது எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஷாக் கண்ணின் இரு பக்கமும் வரும் ஸ்பேசர்கள் ஒரே அளவா என்றும் பார்த்துக்கொள். சில செட்டில் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. மாற்றிப் போட்டால் ஷாக் கோணலாக நின்று, தண்டு ஒரு பக்கமாகத் தேய்ந்து, சில மாதத்தில் சீலில் எண்ணெய் கசியும்.

நைலான் பூட்டு நட் ஒருமுறைக்குத்தான், புதிது போடு. டார்க் அளவு, அதாவது போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது, உன் வண்டியின் ஆண்டுக்குரிய சர்வீஸ் கையேட்டில் இருப்பதுதான். 2020-இல் இன்ஜினே ஜிஎம் 2.4 லிட்டரிலிருந்து போலாரிஸின் சொந்த 2 லிட்டருக்கு மாறிவிட்டது, அதனால் வேறு ஆண்டுக் கையேட்டை வைத்து வேலை செய்யாதே. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதே. விரலால் மட்டும் ஏற்றிவிட்டு, வண்டி தரையில் தன் எடையில் நின்ற பிறகு டார்க் கொடு. தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் பொய்யாகக் காட்டும். உலோகக் கோளப் பேரிங் உள்ள முனைகளுக்கு இந்தக் கவலை இல்லை.

ப்ரீலோடுக்கு, அதாவது காலரால் ஸ்பிரிங்கை முன்பே அழுத்திவைப்பதற்கு, வருவோம். "காலரை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகும்" என்று உன் கடிதத்தில் இருக்கிறது. ஆகாது. சீரான ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் கம்பியிலும் சுற்றிலும் இருக்கிறது, காலரில் இல்லை. காலர் மாற்றுவது உயரத்தை. ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன், உன் அளவுகளை நீ இட்டுக்கொள். ஸ்பிரிங்கில் 400 என்று அச்சிட்டிருந்தால், அங்குலத்துக்கு 400 பவுண்டு, அதாவது 1 மில்லிமீட்டர் அழுங்க சுமார் 7 கிலோ வேண்டும். முன் சக்கரம் ஒன்றில் சக்கரம், பிரேக் எடை நீக்கி 260 கிலோ பாரம் என்று வை. ஷாக் சக்கரத்துக்கு நேர்மேலே இல்லை, உள்ளே தள்ளி நிற்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால் ஷாக் 6 தான் அழுங்கும் என்றால் விகிதம் 0.6. ஸ்பிரிங்கில் விழும் பாரம் 260-ஐ 0.6-ஆல் வகுத்தால் 433 கிலோ. அதற்கு ஸ்பிரிங் 61 மில்லிமீட்டர் அழுங்கியாக வேண்டும். காலரில் 30 முன்பே அழுத்திவைத்திருந்தால் மீதி 31 மில்லிமீட்டர் ஷாக் இறங்கும். ஷாக்கின் மொத்த ஓட்டம் 100 என்றால் அது மூன்றில் ஒரு பங்கு, சரியான இடம். சாலை வண்டிக்கு 25-லிருந்து 35 சதவீதம் இறக்கம் போதும்.

காலரில் 55 அழுத்தினால் என்ன ஆகும்? இறக்கம் 6 மில்லிமீட்டர்தான். வண்டி உயர்ந்து கம்பீரமாக நிற்கும், ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கு ஓட்டம் இல்லை. சிறு பள்ளத்திலும் ஷாக் முழுக்க நீண்டு "டக்" என்று அடிக்கும், வளைவில் உள்சக்கரம் தரையை விட்டு எழத் தவிக்கும். அந்த உயரம் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், காலரை அல்ல. எதிர்ப்பக்கமும் உண்டு: தாழ்த்தும் ஆசையில் காலரை முழுக்க இறக்கினால், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து கலகலக்கும்.

அளக்கும்போது ஷாக்கில் அளந்த எண்ணையும் சக்கரத்தில் அளந்த எண்ணையும் குழப்பிக்கொள்ளாதே. மேலே சொன்ன 31, சக்கரத்தில் 50-க்கு மேல். அதே விகிதப்படி காலரில் 6 மில்லிமீட்டர் ஏற்றினால் வண்டி 10 உயரும். சுற்றுக் கணக்கை நம்பாமல், காலருக்கும் ஷாக் உடலின் முனைக்கும் நடுவே வெர்னியரால் அள. திருகும் முன் பற்களில் உள்ள மண்ணைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சக்கரத்தைத் தூக்கிப் பாரத்தை எடுத்துவிடு. அலுமினியப் பல்லில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், காலர் பிடித்துக்கொண்டு நகராது, வம்படியாகத் திருகினால் பல் உரிந்துவிடும். உயரம் முடிவான பிறகே பாரின் லிங்குகளை மாட்டு, நீ உட்கார்ந்த நிலையில். போல்ட் கையால் தள்ளியே நுழைய வேண்டும். சுத்தி தேவைப்பட்டால் லிங்க் நீளம் சரியில்லை, பார் இப்போதே முறுக்கிக்கொண்டிருக்கிறது.

பின் ஷாக் சுலபம். ஒன்றே ஒன்றுதான். ஆனால் பெல்ட்டை மறக்காதே. ஸ்விங் ஆர்ம் சுழலும் புள்ளியும் முன் புல்லியின் மையமும் ஒன்றாக இல்லாத அமைப்பில், பின் உயரம் மாறினால் பெல்ட்டின் இழுவையும் மாறும். புது உயரத்தில் மறுபடி அள. பின்பக்கத்தைக் கெட்டியாக்கும் ஆசையும் வேண்டாம். சாய்வுக்கு அது உதவாது என்று மேலே பார்த்தோம், ஓட்டும் சக்கரமோ அது ஒன்றுதான். மேடு பள்ளத்தில் அது துள்ளினால் உந்துவிசை அப்படியே போய்விடும்.

ஷாக்கின் தடையை மாற்றும் திருகுகளின் கிளிக்குகளுக்கு: கடிகாரத் திசையில் முழுக்க மூடி, அங்கிருந்து வெளியே எண்ணிக் குறி. தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் தொடங்கு. ஒரு நேரத்தில் ஒரு திருகு, இரண்டு கிளிக், அதே சாலை, அதே வேகம், அதே காற்றழுத்தம். மேட்டைத் தாண்டியதும் வண்டி இரண்டு முறை ஊஞ்சலாடினால் ரீபவுண்ட் (ஷாக் நீள்வதற்கான தடை) போதவில்லை. வரிசையாக வரும் சிறு மேடுகளில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து இறுகிப்போனால் ரீபவுண்ட் அதிகம், ஒரு மேட்டிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. முதல் அடியே பல்லில் தெரிந்தால் கம்ப்ரெஷனை (அழுங்குவதற்கான தடை) திற. தண்டில் ஒரு கேபிள் டை கட்டிவை, எதுவரை அழுங்கியது என்று அதுவே காட்டும். மோசமான சாலைக்குப் பிறகும் 10 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தால் நிம்மதி.

எல்லாம் முடிந்த பிறகே அலைன்மென்ட். உயரம் மாறினால் டை ராடும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) கையும் வெவ்வேறு வட்டத்தில் நகர்வதால் டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறிவிடும். இங்கே நடுக்கோடு என்பது சேஸிஸ் அல்ல, பின் சக்கரம். பின் அச்சு கோணலாக உட்கார்ந்திருந்தால் வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்துத்தான் ஓடும், அதற்கு ஏற்பத் திருப்பிய ஸ்டியரிங் நேராக நிற்காது. ஸ்டியரிங் கோணத்தை நம்பும் ஸ்திரக் கட்டுப்பாட்டு அமைப்பும் குழம்பும். ஆகவே பின் ரிம்மின் இரு பக்கமும் முன், பின் விளிம்பைத் தொட்டபடி நூல் இழுத்து, முன் சக்கரங்களைத் தாண்டிக் கட்டு. ரிம்மில் 1 மில்லிமீட்டர் பிசகினால் முன்னால் 5 ஆகும், நூலை அத்தனை கவனமாகப் பார். இரு முன் ஹப்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி சமமாக வந்த பிறகே டை ராடைத் தொடு. இரு பக்கமும் சமமாகத் திருகு, பூட்டு நட்டை இறுக்கியதும் மறுபடி அள. இறுக்கும்போதே கால் சுற்று நகர்ந்துவிடும்.

100 மைல் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை தொட்டுப் பார். ஸ்பிரிங் புதிதில் சற்று உட்காரும், அதனால் உயரத்தையும் டோவையும் மறுபடி அளந்து, முன் இரண்டு காலர் அளவும் தூக்குக்குண்டு காட்டிய எண்ணும் எனக்கு எழுது. ஷாக் விகிதத்தையும் நீயே அளந்து அனுப்பினால், அந்த 400 ஸ்பிரிங் உனக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்