"துரு நோய் தாங்கும்" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதிய கோதுமை ரகங்களை உருவாக்குகிறவர்களுக்கும் அவற்றுக்கு ஒப்புதல் தருகிற குழுக்களுக்கும்,

வணக்கம். ஒரு ரகத்தைத் "துரு நோய் தாங்கும்" என்று அறிவிக்கும்போது, எந்த மரபணுவை நம்பி அப்படிச் சொல்கிறீர்கள், அது ஒன்றா நாலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஏன் என்பதற்கு, துரு நோயை உண்டாக்கும் பூஞ்சை செடிக்குள் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பேச வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், விதை வாங்குகிறவர்கள் காதுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

துருப் பூஞ்சை செடியைக் கொன்று தின்கிற ஜாதி இல்லை, உயிருள்ள செல் இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பே கிடையாது. இலையில் விழுந்த பூஞ்சை வித்து (ஸ்போர்) முளைத்து, மேற்பரப்பின் மேடுபள்ளத்தைத் தடவித் தடவி இலைத்துளையைக் கண்டுபிடித்து உள்ளே போகிறது, அப்புறம் ஒரு செல்லின் சுவரைத் துளைத்து ஹாஸ்டோரியம் என்கிற உறிஞ்சும் உறுப்பை நுழைக்கிறது. சுவரைத்தான் துளைக்கிறது, அதற்குள் இருக்கும் சவ்வைக் கிழிப்பதில்லை. பலூனில் விரலை அழுத்தினால் உள்வாங்குமே, அப்படிச் சவ்வு உள்வாங்கிக்கொள்கிறது, செல்லும் சாகாமல் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது: செடியின் சர்க்கரை பூஞ்சைக்குப் போகிறது, பூஞ்சை சுரக்கும் புரதங்கள் செடியின் செல்லுக்குள் வருகின்றன. எஃபெக்டர் என்று சொல்லப்படும் இந்தப் புரதங்கள் செல்லின் காவலை அடக்கி, விருந்தாளியை விரட்டாமல் இருக்க வைக்கின்றன. கோதுமையின் தண்டுத் துரு, பாப்லர் மரத்தின் துரு இரண்டின் மரபணுத் தொகுதியும் 2011-இல் வெளியானபோது, சுரக்கப்படும் சிறு புரதங்கள் என்று கணிக்கப்பட்டவை ஒவ்வொன்றிலும் 1,000-ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேறு உயிரினங்களில் சாயலே இல்லை.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். நீங்கள் ரகத்தில் சேர்க்கும் எதிர்ப்பு மரபணுக்களில் பெரும்பாலானவை இந்த ஆயிரத்தில் ஒரு புரதத்தை அடையாளம் காண்பவை. தண்டுத் துருவை எதிர்க்கும் எஸ்ஆர்35 என்ற மரபணு நல்ல உதாரணம். அந்த மரபணு உண்டாக்கும் காவல் புரதம் தனக்குரிய எஃபெக்டரைப் பிடித்துக்கொண்டு, ஐந்து ஐந்தாகச் சேர்ந்து சக்கரம் போல அமைந்து, செல்லுக்குள் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. செல் தன்னையே மாய்த்துக்கொள்கிறது. உயிருள்ள செல்லை நம்பி வந்த பூஞ்சைக்குச் சோறு போச்சு. 2022-இல் இதன் வடிவம் வெளியானபோது நான் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு அழகு.

ஆனால் அந்தக் காவலுக்குப் பூஞ்சையைத் தெரியாது. ஒரு புரதத்தைத்தான் தெரியும். ஆயிரம் கையில் வைத்திருப்பவனுக்கு ஒன்றை விட்டெறிவது பெரிய காரியமா? எஸ்ஆர்35-ஐ ஏமாற்றிய ஒரு தண்டுத் துரு வகையில், அந்த எஃபெக்டர் மரபணுவுக்கு நடுவே தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். போதாததற்கு, இந்தப் பூஞ்சையின் செல்லில் இரண்டு உட்கருக்கள், அவற்றைத் தன் இனத்தின் வேறொரு வகையோடு மாற்றிக்கொள்ளவும் முடியும். எஸ்ஆர்31 என்ற இன்னொரு எதிர்ப்பு மரபணுவை உடைத்துக்கொண்டு 1998-இல் உகாண்டாவில் தென்பட்ட யூஜி99 என்ற தண்டுத் துரு வகை அப்படி உண்டானதுதான் என்று 2019-இல் காட்டினார்கள். அதன் இரண்டு உட்கருக்களில் ஒன்று, 1954-இல் ஆஸ்திரேலியாவில் கண்ட ஒரு வகையின் உட்கருவோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

"எஸ்ஆர்31 பல வருடம் தாங்கியதே" என்பீர்கள். சரி, தாங்கியது. அதனால்தான் உலகமெல்லாம் அதையே நட்டார்கள், விழுந்தபோது எல்லா இடத்திலும் ஒரே ஓட்டை. பல மரபணுக்களை ஒரே செடியில் அடுக்குவது கலப்பினத்தில் வருடக்கணக்கில் இழுக்கும் வேலை என்பதும் தெரியும். ஐந்தை ஒரே தொகுப்பாகக் கோதுமைக்குள் வைத்துக் காட்டிய ஆய்வு 2021-இல் வந்தது, அது மரபணு மாற்றுப் பயிர், அந்தச் சண்டை தனி. என் கவலை வேறு. ஐந்து மரபணு அடுக்கில் ஒன்றை மட்டும் எடுத்து யாரோ தனியாக இன்னொரு ரகத்தில் விடுகிறார்கள் என்று வையுங்கள். பூஞ்சை அந்த வயலில் அந்த ஒன்றை மட்டும் தாண்டப் பழகிக்கொள்ளும், பிறகு அடுக்கு வைத்த வயலுக்கு வரும்போது அதற்கு நாலு பூட்டுதான் பாக்கி. படிப்படியாகப் பூட்டைத் திறந்து கொடுப்பது போலத்தான் இது. தனியாக விடுகிறவர் தன் ரகத்தை மட்டும் கெடுக்கவில்லை, அடுத்தவர் உழைப்பையும் சேர்த்துக் கெடுக்கிறார். விதைப் பையில் "தாங்கும்" என்று மட்டும் இருந்தால் இது யாருக்குமே தெரியாது.

மரபணுப் பெயர் வெளியே இருந்தால் இன்னொரு காரியமும் நடக்கும். எஸ்ஆர்35, எஸ்ஆர்50, எஸ்ஆர்27 மூன்றும் எந்த எஃபெக்டரைப் பிடிக்கின்றன என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். வயலில் கிடைக்கும் பூஞ்சை வித்துகளில் அந்த எஃபெக்டர் மரபணு முழுதாக இருக்கிறதா, ஏதாவது ஒரு உட்கருவில் ஏற்கெனவே போய்விட்டதா என்று பார்த்தால், ரகம் விழுவதற்கு முன்னாலேயே ஓரளவு சொல்லலாம். எந்த வயலில் எந்தக் காவல் நிற்கிறது என்றே தெரியாமல் எதைப் போய்ப் பார்ப்பது?

அடுத்த ரகத்தின் அறிவிப்பில் அந்த ஒரு வரி இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
துருவைப் பற்றி அளவுக்கு மீறி வாசித்துவிட்ட ஒருவன்